காப்பியும் தலையெழுத்தும்

ஜார்ஜ் டவுன் நகரின் சூலியா வீதியிலோ, நம்மவர் கடைத்தெரு என வழங்கும் மார்க்கெட் வீதியின் அண்டையிலோ காலைப் பொழுதில் நடந்து செல்வோர், காப்பிக் கடையின் மணத்தைக் கடவாமல் செல்லுதல் இயலாது. சர்க்கரை சேர்த்துக் கருக வறுத்த கொட்டையைப் பொடித்துத் துணிப்பையிலே வடித்துத் தரும் அக்கரிய பானத்தைத் தாய்நாட்டார் காப்பி என்பர். இந்நாட்டார் கோப்பி என்பர். நகரத்துக் கணக்கரும், கூலி வேலை செய்வாரும், தோட்டத்திலிருந்து காரியமாக நகருக்கு வந்த பெரியவரும் ஒரே மேசையில் அமர்ந்து அருந்தும் பானம் அது. அம்மேசையில் அடிக்கடி கேட்கப்படும் சொல் ஒன்றுண்டு. “எல்லாம் தலையெழுத்து” என்பதே அது. விலை இறங்கினால் தலையெழுத்து. தோட்டம் கைமாறினால் தலையெழுத்து. பாட்டன் கப்பல் ஏறியதும் தலையெழுத்து.

அவ்வெழுத்தை எழுதிய கை யாருடையது? இதுவே இக்கட்டுரையின் வினா. விடை தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை; முன்னே இருக்கும் கோப்பையின் சரித்திரத்தை ஆராய்ந்தாலே போதும். நம்மவரை இந்நாட்டிற்குக் கொண்டுவந்தது ரப்பர் மரம் என்பது பொதுவாக வழங்கும் கருத்து. அது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் ரப்பர் மரத்திற்கு முன்னே நடந்து வழி வெட்டியது காப்பிச் செடி. நிலத்தை மலிவாக வழங்குவது அரசாங்கம், ஆளைக் கடனால் பிணிப்பது கங்காணி, விலையை முடிவு செய்வது கடலுக்கு அப்பாலுள்ள சந்தை என்னும் மூவகை ஏற்பாடும் இலங்கையின் காப்பி மலைகளிலே ஒருங்கு சேர்ந்து, பின்னர்க் கடல் கடந்து மலாயாவுக்கு வந்தது. ஆகவே நம் கதை பினாங்கில் தொடங்கவில்லை. கண்டி மலையில் தொடங்குகிறது.

1815-இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1824 முதல் 1831 வரை இலங்கைக் கவர்னராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், மலைக்குச் சாலை அமைத்ததோடு நில்லாமல், பேராதனைக்கு அருகே கன்னொருவையில் தாமே காப்பித் தோட்டம் ஒன்றும் போட்டார். காப்பியின் மீதிருந்த ஏற்றுமதி வரி நீக்கப்பட்டது. காப்பி பயிரிடும் நிலத்திற்கு விளைவில் பத்தில் ஒரு பங்கு என்னும் வரியும் தள்ளப்பட்டது. சட்டம் இயற்றுபவரே தோட்டக்காரராகவும் இருந்தால் சட்டம் எப்பக்கம் சாயும் என்பதை விரித்துரைக்க வேண்டுமோ?

அக்காலத்தில் இங்கிலாந்து தேசத்தார் பருகிய காப்பியிற் பெரும்பகுதி மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தது. அங்கு அதனை விளைவித்தோர் ஆப்பிரிக்க அடிமைகள். 1833-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 1838-இல் அம்மக்கள் முழு விடுதலை பெற்றனர். விடுதலை பெற்றவர் பழைய தோட்டங்களை விட்டு விலகவே, அங்குக் காப்பி விளைச்சல் சுருங்கிற்று. இதற்கிடையே 1835-இல் லண்டன் சர்க்கார், கீழ்நாட்டுப் பிரிட்டிஷ் காப்பிக்கும் மேற்கிந்தியக் காப்பிக்கும் ராத்தலுக்கு 6 பென்ஸ் என ஒரே இறக்குமதித் தீர்வை விதித்தது. அந்நிய நாட்டுக் காப்பிக்கோ அதனினும் இரு மடங்குக்கு மேற்பட்ட தீர்வை. ஒரு பக்கம் அடிமையின் விலங்கு அறுந்தது; மறு பக்கம் தீர்வை அட்டவணையில் ஓர் எண் மாறிற்று. இவ்விரண்டும் கூடியதால் கண்டிமலைக் காடுகள் வெட்டுண்டன.

காடு யாருடையது என்ற கேள்வி எழுமன்றோ? அதற்கு விடையாக வந்தது 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம். காடாகவும் தரிசாகவும் கிடக்கும் நிலம், வேறொருவருக்கு உரியதென்று நிறுவப்படும் வரையில், முடியரசுக்கே சொந்தமாகக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்த சிங்களக் குடியானவனிடம் பட்டயம் ஏது? அவன் காடு ஏக்கர் 5 ஷில்லிங் என்னும் தொடக்க விலைக்கு விற்கப்பட்டது. 1844-இல்தான் அது ஒரு பவுனாக உயர்த்தப்பட்டது. வாங்கினோர் யாவர்? கவர்னர், படைத் தலைவர், நீதிபதிகள், பாதிரிமார், அரசாங்க உத்தியோகஸ்தர் ஆகியோர் அவர்களுள் முன்னின்றனர்.

நிலம் கிடைத்தது, கை வேண்டுமே! கண்டிச் சிங்களவருள் பலர் தம் வீட்டுத் தோட்டத்தில் காப்பி வளர்த்து விற்றார்களேயன்றித் துரையின் தோட்டத்தில் நாட்கூலிக்கு நிற்க விரும்பவில்லை. ஆகவே பாக்கு நீரிணைக்கு அப்பால் பார்வை திரும்பிற்று. இராமநாதபுரம், தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து நம் முன்னோர் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து நீரற்ற காட்டினூடே தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகச் சென்றனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் அவ்வடபாதையில் மாண்டோர் ஆயிரக்கணக்கினர். காப்பிக்காகச் சாலையும், பிற்காலத்தில் கண்டி வரையில் இரயிலும் போட்ட அரசாங்கம், காப்பி பறிக்க வந்தவர் நடந்த வழியில் தண்ணீருக்கும் தங்குமிடத்திற்கும் செய்த ஏற்பாடு நெடுங்காலம் அற்பமாகவே இருந்தது.

அவர்களை அழைத்துச் சென்றவன் கங்காணி. துரை கொடுத்த முன்பணத்தை அவன் ஊரிலே பங்கிட்டான். வழிச்செலவும் அதில் அடங்கும். தோட்டத்தில் கால் வைக்கும் முன்பே கூலியாள் கடன்காரன் ஆனான். அவன் வேறு தோட்டம் போக வேண்டுமாயின் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதிய துரை அத்தொகையைச் செலுத்தினால் ஆள் கைமாறுவான். கடனோ அவனை விட்டுப் போகாது. அறிவிப்பின்றி வேலையை விட்டு நீங்குவாரைச் சிறையிலிடவும் 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டம் இடங்கொடுத்தது. துண்டு முறை ஒழிந்தது 1921-இல். அப்போது மலையிலே காப்பி ஒழிந்து முப்பதாண்டுகளுக்கு மேலாகி விட்டது.

இனிச் சந்தையின் விளையாட்டைக் காண்போம். காப்பிச் செடி நட்டு நான்கைந்து ஆண்டு சென்றே நல்ல பலன் தரும். விலை ஏறிய ஆண்டில் எல்லாரும் நடுவர். நட்டதெல்லாம் ஒரே காலத்தில் காய்க்கும். காய்த்ததும் விலை விழும். 1840-களில் இலங்கையில் நிகழ்ந்தது இதுவே. அதே வேளையில் லண்டன் சர்க்கார் தடையற்ற வாணிகக் கொள்கையைத் தழுவி, அந்நியக் காப்பியின் மீதிருந்த அதிகத் தீர்வையைப் படிப்படியாகக் குறைத்தது. 1851-இல் வேற்றுமை முற்றிலும் நீங்கிற்று. 1847-இல் ஐரோப்பாவில் பணமுடை தோன்றவே கண்டியில் தோட்டங்கள் பல முறிந்தன. முறிந்த தோட்டத்துத் துரை கப்பலேறி ஊர் சென்றான்; கூலியாளோ பல மாதச் சம்பளம் வாராமல் வந்த வழியே நடந்தான். அடுத்த ஆண்டு, வருவாய் குறைந்த இலங்கை அரசாங்கம் குடிகள் மீது புதிய வரிகளைச் சுமத்த, மாத்தளைப் பக்கத்தில் சிங்களவர் கிளர்ந்தெழுந்தனர். லண்டனில் தீர்மானித்த தீர்வையும் விலையும் மலைநாட்டில் குருதி சிந்த வைத்தன.

பின்னர்க் காப்பி மீண்டும் தழைத்தது. 1870-இல் ஏற்றுமதி பத்து லட்சம் அந்தரை எட்டிற்று. ஆனால் அதற்கு முந்திய ஆண்டிலேயே, அதாவது 1869-இல், மடுல்சீமைப் பகுதியில் காப்பி இலையின் அடிப்புறத்தில் மஞ்சட் பொடி படிந்த நோய் ஒன்று காணப்பட்டிருந்தது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனச் சாத்திரிகள் பெயரிட்ட பூஞ்சணம் அது. இந்நோயே காப்பியை அழித்தது என்று சொல்லி முடிப்பது எளிது. உண்மை அதனினும் நுட்பமானது. நோய் கண்ட பின்னரும் பத்தாண்டு காலம் தோட்டங்கள் பெருகின. 1878-இல் பயிர் நிலம் ஏறத்தாழ 2,75,000 ஏக்கர். ஏன்? உலகச் சந்தையில் விலை உயர்ந்திருந்தது. ஏக்கருக்குக் கிடைத்த விளைவு பாதியாகக் குறைந்தும், விலை அக்குறையை மறைத்தது. கடன் வாங்கி மேலும் மேலும் காடு வெட்டினர். அந்நாட்களிலேதான் தாது வருஷப் பஞ்சம் தமிழ்நாட்டை வாட்டிற்று; 1876 முதல் 1878 வரை பசியால் துரத்தப்பட்டு இலங்கை சென்றோர் எண்ணிலர். நலிந்து வந்த செடிக்கு நலிந்த மனிதர் மலிவாகக் கிடைத்தனர். 1880-களில் பிரேசில் காப்பி பெருகி விலை இறங்கியபோது மறைப்பு விலகிற்று. 1884-இல் தோட்டக்காரர்க்குக் கடன் கொடுத்து வந்த ஓரியண்டல் பாங்கு முறிந்தது. பட்ட காப்பி மரங்கள் பிடுங்கப்பட்டன. அவ்விடத்தில் தேயிலை வந்தது. கங்காணியும் துண்டும் அப்படியே இருந்தன.

இப்போது நாம் பினாங்குக்குத் திரும்பலாம். இத்தீவுக்குப் பயிர் மாற்றம் புதிதன்று. 1786-இல் பிரான்சிஸ் லைட் கொடி நாட்டிய பின் மிளகு வந்தது. பிறகு சாதிக்காயும் கிராம்பும் வந்தன. 1860-ஐ ஒட்டிச் சாதிக்காய்த் தோப்புகள் நோயால் பட்டன. எதிர்க்கரையாகிய வெல்லெஸ்லி மாகாணத்தில், இன்றைய செபராங் பிறையில், கரும்பு ஓங்கிற்று. அக்கரும்புக்குச் சஞ்சிக் கூலிகளாக, ஒப்பந்தக் கட்டில், நாகப்பட்டினத்திலிருந்து தமிழர் பினாங்கில் இறக்கப்பட்டனர்.

இலங்கையில் காப்பி முறிந்ததும் அங்கிருந்த துரைமாரிற் சிலர் மலாய் நாடுகளை நாடி வந்தனர். நெகிரி செம்பிலானில் தோட்டம் போட்ட ஹெஸ்லாப் ஹில் என்பார் அவர்களுள் ஒருவர். அவர்கள் கொணர்ந்தது லைபீரியக் காப்பி. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கியூ தோட்டத்தின் வழியே கீழ்நாடுகளுக்குப் பரவிய அச்செடி தாழ்நிலத்து வெப்பத்தைத் தாங்கும். இலைநோயையும் ஓரளவு எதிர்த்து நிற்கும் என்று நம்பினர். மலாய் நாடுகளின் ஆங்கில ரெசிடெண்டுகளும் அவர்களைக் கை நீட்டி வரவேற்றனர். ஈயம் ஒருநாள் தீரும்; நிலையான குடியும் வருவாயும் வேண்டுமாயின் பயிர்த்தொழில் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். நிலம் எளிய நிபந்தனைகளில் கிடைத்தது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885-லும், கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் 1886-லும் இரயில் ஓடிற்று. சாலையும் இரயிலும் ஐரோப்பிய முதலும் சேர்ந்தால் நாடு செழிக்கும் என்று ஓயாது வாதிட்டவர் பிராங்க் ஸ்வெட்டன்ஹாம். இன்றும் ஜார்ஜ் டவுனில் கப்பல்கள் அணையும் துறை மேடை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆள்? அதற்கும் அரசாங்கம் வழி செய்தது. 1880-களின் பிற்பகுதியில் நாகப்பட்டினத்திற்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல்களுக்கு அரசாங்கம் உதவிப் பணம் அளித்தது. இலங்கையில் பழகிய காப்பித் துரைமார் சஞ்சி முறையை விடக் கங்காணி முறையையே விரும்பினர். ஒப்பந்தக் கூலிக்குச் சட்டம் உண்டு, கணக்கு உண்டு, மூன்றாண்டு என்ற எல்லையும் உண்டு. கங்காணியின் ஆளுக்கோ உறவும் கடனுமே கட்டு. தன் ஊரான், தன் சாதியான், தன் மாமன் மச்சான் என்ற பாசமே கயிறாயிற்று. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் இவ்வளவு என்று கங்காணி பெற்ற பணத்திற்குத் ‘தலைக்காசு’ என்று பெயர். இவ்வாறு காப்பிச் செடியோடு கூடவே காப்பி மலையின் ஏற்பாடும் கப்பலேறி வந்தது. வந்தோர் பினாங்கில் இறங்கினர். ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காகத் தங்க வைக்கப்பட்டனர். அங்கிருந்து பேராக், சிலாங்கூர், சிரம்பான் எனப் பிரிந்தனர்.

1890-களின் முற்பகுதியில் காப்பிக்கு நல்ல விலை. சிலாங்கூரில், சிறப்பாகக் காஜாங், கிள்ளான் பகுதிகளில், புதுத் தோட்டங்கள் எழுந்தன. ஆனால் அதே விலையைக் கண்டு நடுவோர் உலகின் மறுகோடியிலும் இருந்தனர். பிரேசில் 1888-இல் அடிமை முறையை ஒழித்தது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் சாவோ பாலோ மாகாண அரசாங்கம் கப்பற் கட்டணம் கொடுத்து இத்தாலிய ஏழைகளை ஆயிரமாயிரமாக வரவழைத்தது. நாகப்பட்டினத்தான் பினாங்கில் இறங்கிய காலத்தில் இத்தாலியக் குடியானவன் சாந்தோஸ் துறையில் இறங்கினான். இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். ஆயினும் இருவர் நட்டதும் ஒரே சந்தையில் மோதிற்று. 1896, 1897 ஆண்டுகளில் பிரேசிலின் பெரு விளைச்சல் கரை புரண்டது. விலை சரிந்தது. அச்சமயம் பார்த்து மலாயாவின் காப்பி இலையை ஒருவகை விட்டிலின் புழுக்களும் தின்று தீர்த்தன. நூற்றாண்டு முடிவதற்குள் காப்பித் தோட்டம் என்ற பெயர் நட்டத்திற்கு மறுபெயராயிற்று.

துரைமார் அழிந்தனரா? பெரும்பாலோர் இல்லை. பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலாகங்சாரில் 1877-இல் நட்டு வைத்த ரப்பர்க் கன்றுகளும், சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவர் ரிட்லி இடைவிடாது புகழ்ந்த பால்மரமும் ஆயத்தமாக இருந்தன. காஜாங்கில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890-களின் நடுவிலேயே ரப்பரைப் பயிராக நட்டிருந்தனர். பிறரும் காப்பி வரிசைகளின் நடுவே ரப்பரை நட்டு, மரம் வளர வளரக் காப்பியைக் களைந்தனர். விந்தையைக் கேண்மின்! நம் காப்பியைக் கொன்றது பிரேசில். நமக்கு ரப்பர் விதை தந்ததும் பிரேசில். அந்த ரப்பரால் 1913-இல் பிரேசிலின் காட்டு ரப்பரைக் கீழ்நாட்டுத் தோட்டங்கள் வென்றதும் உண்மை. வென்றவர், தோற்றவர் என்ற கணக்கு முதலாளிகளுக்கு இடையே நிகழ்ந்தது. செடியை மாற்றினால் முதல் பிழைக்கும். கூலியாளுக்கு மாறியது, காலையில் எடுத்துச் செல்லும் கருவி ஒன்றே. நேற்றுக் காப்பிக் கூடை, இன்று பால்வாளி.

விலை விழும்போது அரசாங்கங்கள் கை கட்டி நின்றன என்று எண்ணற்க. 1906-இல் பிரேசிலின் மூன்று மாகாணங்கள் தௌபாத்தேயில் கூடி, காப்பியை வாங்கிச் சேமித்து விலையைத் தாங்க உடன்பட்டன. 1931 முதல் 1944 வரை 7 கோடியே 80 லட்சம் மூட்டை அளவுக்குக் காப்பியை அந்நாடு எரித்தும் கடலில் கொட்டியும் அழித்தது. ரப்பர் விலையைத் தாங்க 1922-இல் பிரிட்டிஷ் சர்க்கார் ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொணர்ந்து, 1928-இல் கைவிட்டது. 1934-இல் பல நாடுகள் கூடி மீண்டும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. விலைக்குத் தாங்கல் உண்டு, கூலிக்கு? 1930-இல் உலக மந்தம் வந்தபோது ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசாக இருந்த நிர்ணயக் கூலி 40 காசாயிற்று. பெண்ணுக்கு 40 காசு 32 ஆயிற்று. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் லட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். காப்பிக் கொட்டையைத் தேக்கி வைப்பது போல, மனிதரை ஊருக்கு அனுப்பித் தேக்கி வைத்தார்கள்!

எனினும் சட்டத்தால் கட்டப்பட்டதைச் சட்டம் அவிழ்க்கவும் கூடும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. உதவிப் பணத்தில் பிரேசிலுக்கு ஆள் ஏற்றுவதை 1902-இல் இத்தாலிய அரசாங்கம் தடுத்தது. தன் குடிகள் அங்கே படும் பாட்டை விசாரித்து அறிந்த பின் அது செய்த செயல் அது. மலாயாவுக்குச் சஞ்சிக் கூலி ஏற்றுவது 1910-இல் நின்றது. மலாயாவுக்கு உதவி பெற்றுச் செல்லும் கூலிப் பயணத்தை இந்திய அரசாங்கம் 1938-இல் நிறுத்தியது. இத்தாலியன் கண்ட நியாயத்தை நம்மவர் காண மேலும் முப்பத்தாறு ஆண்டுகள் சென்றன. காரணம் கிரகமோ நட்சத்திரமோ அன்று. நமக்காகக் கேட்கும் வாய் அவ்வளவு காலம் எழாமையே.

1929-ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. இதே பினாங்குத் துறையில் இறங்கி, தலைவிதியை நம்பாதே, அறிவைக் கொண்டு காரணம் தேடு என்றார். அவ்வறிவுரையைக் கோவிலுக்கும் சடங்குக்கும் மட்டும் உரியதாகக் கருதுவோர் உளர். அது சந்தைக்கும் உரியது. சட்டப் புத்தகத்திற்கும் உரியது. பின்னர் ரப்பரின் இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற நிலத்திற் சில வீட்டு மனைகளாயின. தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தோர் மூட்டை கட்டினர். அப்போதும் பலர் வாயில் வந்த சொல் பழைய சொல்லே.

மலாயாவின் பெரிய தோட்டங்கள் கைவிட்ட லைபீரியக் காப்பியோ இந்நாட்டை விட்டு முற்றிலும் போய்விடவில்லை. தன் நிலத்தில், தன் வீட்டாரோடு, தன் கணக்கில் அதனை நட்டுப் பேணிய சிறு குடியானவர்களால் அது பிழைத்தது. இன்றும் மலேசியாவில் விளையும் காப்பியிற் பெரும்பகுதி அவ்வினமே. கடன் வாங்கிய முதலுக்குத் தாங்காத செடி, உரியவன் கைக்குத் தாங்கிற்று. இதனினும் தெளிவான பாடம் வேண்டுமோ?

தோட்டத்திலும் நகரிலும் வாழும் தமிழ்ப் பெருமக்களே! நம் பாட்டனார் தலையெழுத்து என்று நம்பியது, 1840-இல் 12-ஆம் இலக்கமாகவும், 1865-இல் 11-ஆம் இலக்கமாகவும் அச்சேறிக் கிடந்தது. லண்டன் சந்தையின் விலைத்தாளில் கிடந்தது. கங்காணியின் கணக்கிலே தலைக்காசு என்று எழுதப்பட்டுக் கிடந்தது. அவர் படிக்க அறியார்; ஆதலின் விதி என்றார். நாம் படிக்க அறிவோம். நம் பிள்ளைகளுக்கு எழுத்தோடு கணக்கையும், கணக்கோடு சட்டத்தையும் கற்பிப்போமாக. நாளை காலை அக்கரிய கோப்பையை எடுக்கும்போது, எதிரே இருப்பவர் “தலையெழுத்து” என்று பெருமூச்செறிந்தால், “அது எந்த ஆண்டுச் சட்டம், ஐயா?” என்று ஒரு முறை கேட்டுப் பார்ப்போமாக.